லத்தாவிலிருந்து போன பச்சைக் கயிறு

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எனக்காகத் தீயணைப்பு வண்டி வந்திருக்கிறது. தீ எதுவும் இல்லை. வந்தது பின்லாந்தில், மைனஸ் இருபது டிகிரிக்கும் கீழே போன ஒரு குளிர்காலப் பிற்பகலில். காரணம், துணி காயப்போடும் கொடியின் தடிமன்கூட இல்லாத ஒரு பச்சை நைலான் கயிறு. அந்தக் கயிற்றை என் பெட்டிக்குள் வைத்தது என் அம்மா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியில் பாதி அவருக்குப் போக வேண்டும்.

நாங்கள் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், லத்தா என்ற பேட்டையில் நான்காம் மாடியில் குடியிருக்கிறோம். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதனால் எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பால்கனிக் கம்பியிலிருந்து ஒரு நீளக் கயிறு தெருவரை தொங்கும். அடி நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு மணி. கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாங்கள் எட்டிப் பார்த்து, சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம். பேப்பர், கீரை, தையற்காரர் தைத்த ரவிக்கை எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறும். (என் தம்பியின் பள்ளிக்கூட டிபன் கேரியர் ஒருமுறை பாதி வழியில் திறந்துகொண்டு, கீழே நின்ற வெற்றிலைக் கடைக்காரர் கோ து என்பவரின் தலையில் சாம்பார் அபிஷேகம் நடந்தது. அது தனிக்கதை.)

கல்லூரியில் மாணவர் பரிமாற்றத்தில் எனக்கு ஓராண்டு பின்லாந்து கிடைத்தபோது அம்மா பெட்டி கட்டினார். பலாச்சாங் என்கிற வறுத்த இறால்பொடி இரண்டு பாட்டில், தின்பதற்கு ஊறிய தேயிலை ஒரு பொட்டலம், கன்னத்தில் பூச ஒரு டப்பா தனாக்கா. அடியில் சுருட்டிய பச்சைக் கயிறு, சிவப்புக் கிளிப், பித்தளை மணி.

“இது எதுக்கும்மா?”

“நாலாவது மாடின்னு சொன்னியே புள்ள.”

“அங்க லிஃப்ட் இருக்கும்மா.”

“கரண்டு போனா?”

யாங்கோனில் கரண்டு போகாத நாள் கிடையாது. கயிறு என்னோடு விமானம் ஏறியது.

போன பிறகுதான் அம்மாவின் தீர்க்கதரிசனம் புரிந்தது. லிஃப்ட் இருந்தது, கரண்டும் போகவில்லை. ஆனால் கட்டடத்தின் வாசற்கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நண்பர்கள் வந்தால் நான் கீழே போய்த்தான் திறக்க வேண்டும். கீழே போவதென்றால் இரண்டு கால்சட்டை, மூன்று சட்டை, கோட்டு, குல்லாய், பூட்ஸ். நான் அலங்காரம் முடித்துக் கீழே போவதற்குள் வந்தவர் மனம் மாறித் திரும்பிப் போயிருப்பார். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பால்கனியில் கயிற்றைக் கட்டினேன்.

என்னோடு அந்த வீட்டில் தங்கியிருந்த பின்லாந்துப் பெண் ஐனோ. தங்கமானவள், ஆனால் பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். கயிற்றைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். “இது உன் ஊர் வழக்கமா?” என்றாள். ஆமாம், எல்லா வீட்டிலும் உண்டு என்றேன். “சரி,” என்றாள். அவளுடைய “சரி”யில் சம்மதம் எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று எனக்கு அப்போது பிரிக்கத் தெரியாது.

கயிறு இரண்டாம் மாடிக்காரரின் பால்கனியை உரசிக்கொண்டு இறங்கியது. ஹெய்க்கி என்று பெயர். பணி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். லிஃப்டில் நான் ஏறினால் அவர் மாடிப்படியில் ஏறுவார். எங்கள் தெருவில் அடுத்தவர் கயிறு நம் முகத்துக்கு நேரே ஆடினால் அதில் நம் வீட்டுத் துண்டைக் காயப்போடுவோம். அவர் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். மழை பெய்தால் ஈரமாகும் கயிறு, பனி பெய்ததும் உறைந்து, நாளுக்கு நாள் பருத்து, ஜனவரியில் கப்பல் கட்டும் வடம் மாதிரி ஆகிவிட்டது. நான் அதை ரசித்துப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

அந்த ஜனவரியில்தான் ஐனோ கேட்டாள், “வார இறுதிக்கு எங்கள் ஏரி வீட்டுக்கு வருகிறாயா? அப்பா அம்மா காரில் அழைத்துப் போவார்கள்.” உறைந்த ஏரி, விறகு எரியும் நீராவிக் குளியல், பனியில் துளைபோட்டு மீன் பிடிப்பது எல்லாம் உண்டாம். இதற்காகவே நான் அந்த நாட்டுக்கு வந்திருந்தேன் என்று சொல்லலாம். மாதக்கணக்காகக் காத்திருந்தேன், கேட்காமல் காத்திருந்தேன். ஐனோ இதுவரை எந்தத் தோழியையும் அங்கே அழைத்துப் போனதில்லை என்று வேறு தெரியவந்தது. ஆகவே அவளுடைய பெற்றோர் கண்ணில் நான் ஒழுங்கான, பொறுப்பான, கட்டுப்பெட்டியான பெண்ணாகப் பட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

வெறுங்கையோடு போகலாமா? கிளம்பும் நாளன்று தேங்காய்ப்பால் காவ்ஸ்வே செய்தேன். கோழி, தேங்காய்ப்பால், கடலைமாவு சேர்த்த குழம்பு, நூடுல்ஸ் தனியாக. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, யாங்கோனிலிருந்து அம்மா வீடியோவில் அதிகாரம் செய்தார்.

“மாவு கட்டி தட்டுது பாரு. கிண்டு. மூஞ்சில என்ன, தனாக்கா பூசலியா? பெரியவங்க வர்றாங்க, லட்சணமா இரு.”

பூசினேன். இரண்டு கன்னத்திலும் வட்டமாக, கல்யாண வீட்டுக்குப் போகிற கனத்தில். பூக்கள் போட்ட தமெய்னும் கட்டிக்கொண்டேன். (நம்ம கைலிதான், பொம்பளைங்க கட்டுறது.) மேலே ஐனோவின் கம்பளிச் சட்டை. குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்ததால் பானையைச் சற்று ஆறட்டும் என்று பால்கனியில் வைத்தேன். குளிர்காலத்தில் அந்த ஊரில் பால்கனிதான் எல்லோருக்கும் குளிர்பெட்டி.

கொஞ்ச நேரம் கழித்து, “எடுத்து உள்ள வையி, உறைஞ்சிரும்,” என்றார் அம்மா. ரப்பர் செருப்போடு வெளியே போனேன். காற்று அடித்தது. பின்னால் கதவு ‘டக்’ என்றது.

அந்தக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். முதல் நாளே ஐனோ சொல்லியிருந்தாள்: வெளியே போனால் கதவிடுக்கில் ஒரு செருப்பை வை. அதற்கென்றே பால்கனிக் கதவருகில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். அதைத்தான் நான் காலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி வழியாகச் சமையலறை தெரிந்தது. சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடி அம்மா வெற்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “ஏ புள்ள, எங்க போய்த் தொலைஞ்ச?” நான் கண்ணாடியைத் தட்டினேன். அம்மா சரியான எதிர்த்திசையில் திரும்பிப் பார்த்தார்.

பயந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மூக்குக்குள் முடி விறைப்பது தெரிந்தது. பெற்றோரை அழைத்துவரப் போன ஐனோ அவர்களோடு திரும்ப இன்னும் நேரமிருந்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்த பானையைக் கட்டிக்கொண்டேன். வயிற்றுப் பக்கம் லத்தா, முதுகுப் பக்கம் பின்லாந்து. தெருவில் ஒருவர் நாயோடு போனார். கையைத் தூக்கி ஆட்டினேன். அவரும் மரியாதையாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார். ஓர் அம்மாள் சைக்கிளில் வந்தார். நான் கயிற்று மணியை அடித்து, கூவி, கையை இன்னும் வேகமாக ஆட்டினேன். அவரும் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எங்கள் தெருவில் நான் தும்மினாலே கோ து நிமிர்ந்து “மா கோமதி, ஜலதோஷமா?” என்று கேட்பார்.

வீட்டுச் சாவி என் கழுத்தில்தான் தொங்கியது. சாவி இருக்கிறது, கயிறு இருக்கிறது. கீழே யாராவது வாங்கி மேலே வந்து திறந்தால் போதும். லத்தாவில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கயிற்றை இழுத்தேன், பனி பொலபொலவென்று உதிர்ந்தது. சாவியைக் கிளிப்பில் மாட்டி இரண்டாம் மாடிவரை இறக்கி, ஹெய்க்கியின் பால்கனிக் கம்பியில் மோதும்படி ஆட்டினேன். கிணிங், கிணிங், கிணிங்.

திரை விலகியது. ஹெய்க்கி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

அவர் பார்த்தது என்ன என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நான்காம் மாடியிலிருந்து வடம் தொங்குகிறது. மேலே ஒரு பெண், இடுப்பில் விரிப்பைச் சுற்றியிருக்கிறாள், எதையோ கட்டிப்பிடித்திருக்கிறாள். இரண்டு கன்னங்களும் வெள்ளையாகச் செத்துப்போய், வெடித்திருக்கின்றன. (ஈரத்தோட பூசின தனாக்கா உறைஞ்சா அப்படித்தான் ஆகும். அது யாங்கோன்ல யாருக்குத் தெரியும்?) அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், கன்னம் வெள்ளையானால் சதை உறைகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் இந்தப் பெண் கயிற்றைப் பிடித்து இறங்கப் போகிறாள் என்று முடிவுகட்டினார்.

இரண்டு கையாலும் கயிற்றைப் பற்றி, “ஒதொத்தா!” என்று கத்தினார். ‘பொறு’ என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்திருந்தது. பொறுக்கத்தான் முடியவில்லை.

சாவி, சாவி என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அவருக்கு ஆங்கிலம் வராது. சாவியைக் கவனிக்கட்டும் என்று கயிற்றை உலுக்கினேன். இறங்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்து அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் இழுக்க, அவர் இழுக்க, ஒவ்வோர் இழுப்புக்கும் என் காதருகே மணி அடித்தது. சாவி அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடியே மறு கையால் போன் செய்தார். நான் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில் அந்த மனிதர், கோட்டு இல்லாமல் குல்லாய் இல்லாமல், வீட்டுச் சட்டையோடு அந்தக் குளிரில் நின்றார். ஒரு விநாடிகூடக் கயிற்றை விடவில்லை.

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஐனோ இறங்கினாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். ஒழுங்கான, பொறுப்பான பெண்ணை மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

வண்டியின் ஏணி என்னை நோக்கி நீண்டது. இதற்குள் இன்னொரு வீரர் ஹெய்க்கியிடம் போய், கிளிப்பில் சாவி இருப்பதைப் பார்த்து, அதை எடுத்துக்கொண்டு, லிஃப்டில் ஏறி, பூட்டைத் திறந்து, நிதானமாகச் சமையலறைக்குள் நுழைந்தார். அங்கே சர்க்கரை டப்பாவில் என் அம்மா இருந்தார். மகளைக் காணவில்லை, தலைக்கவசம் போட்ட ஆறரை அடி ஆள் மட்டும் வருகிறான். அம்மா போட்ட கூச்சல் மூடிய கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. அவர் குனிந்து, போனுக்கு நேரே உள்ளங்கையைக் காட்டி, “ஒதொத்தா,” என்றார். பிறகு கதவைத் திறந்தார்.

அதே நேரத்தில் ஏணியில் வந்த வீரர் முன்பக்கம் முளைத்தார். என் கன்னத்தைக் கவலையோடு தொட்டார். கன்னம் அவர் கையுறையோடு வந்துவிட்டது. விரலைத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

“இது என்ன?”

“மரம்,” என்றேன். (மரப்பட்டையை அரைச்சதுன்னு முழுசாச் சொல்லியிருக்கலாம். பல்லு கிட்டிப்போச்சு.)

“முகத்தில் மரம்,” என்று அவர் கீழே இருந்தவர்களுக்கு அறிவித்தார்.

எல்லோரும் சமையலறையில் கூடினோம். என்னைப் போர்வையில் சுற்றி உட்காரவைத்தார்கள். நான் விளக்கினேன். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படிக் கயிறு தொங்கும், மணி அடிக்கும், சாவி இறங்கும். ஐனோ மொழிபெயர்த்தாள். வீரர்கள் தலையாட்டினார்கள், ஹெய்க்கி தலையாட்டினார். காய்ச்சல்காரியின் பிதற்றலுக்கு ஆட்டுவது போன்ற மிருதுவான தலையாட்டல். ஐனோவின் அப்பா மட்டும் கேட்டார், “எல்லா வீட்டிலும்?”

“எல்லா வீட்டிலும்.”

“சரி,” என்றார். ஐனோவின் “சரி” எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

ஏரி வீடு போச்சு என்று நினைத்து அழுதுவிட்டேன். ஐனோவின் அம்மா என் மடியிலிருந்த பானையை மெதுவாக வாங்கினார், மூடியைத் திறந்தார், ஒரு கரண்டி ருசி பார்த்தார். இன்னொரு கரண்டி எடுத்து ஹெய்க்கியிடம் நீட்டினார். பிறகு, “காலுறை போட்டுக்கொள், இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்,” என்றார். அந்த வாக்கியத்துக்காக அவரை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

ஏரி வீடு நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. நீராவிக் குளியலில் வெந்தேன், பனித்துளையில் காலை விட்டுக் கூவினேன், விரல் நீளத்தில் ஒரு மீனும் பிடித்தேன். சந்தோஷமாக இருந்தேன். ஒன்று மட்டும் கவனித்தேன்: படகுக் கொட்டகையில் சுருட்டி மாட்டியிருந்த கயிறுகளை ஐனோவின் அப்பா சத்தமில்லாமல் எடுத்து, என் கைக்கு எட்டாத பரணில் வைத்தார்.

திரும்பி வந்த மறுநாள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். கிளிப்பில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை தொங்கியது. கீழே ஹெய்க்கி தன் பால்கனியிலிருந்து அண்ணாந்து நின்றார். மேலே இழுத்துக்கொண்டு, பலாச்சாங் பாட்டில் ஒன்றை இறக்கினேன். வசந்தம் வரும்வரை மீனும் பெர்ரியும் ஏறின, குழம்பும் சுண்டலும் இறங்கின. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த நல்ல நட்பு அது. ஊர் திரும்பும்போது கயிற்றை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பின்லாந்துச் சொல் “ஒதொத்தா”. அதை அவர் வீணாக்குவதில்லை. பால் பொங்கினால் ஒதொத்தா. அப்பா சாப்பாட்டுக்கு அவசரப்பட்டால் ஒதொத்தா. மேலேயிருந்து பால்கனி வழியாகச் சொல்லிச் சொல்லி, கீழே கோ துவும் வாடிக்கையாளர்களிடம் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அம்மா சொல்லும் கதையில் தீயணைப்பு வண்டிகள் இப்போது நான்கு.

பிறகு ஒரு குளிர்காலத்தில் (எங்க குளிர்காலம், மின்விசிறி ஓடும்) ஐனோ யாங்கோனுக்கு வந்தாள். டாக்சியிலிருந்து எங்கள் தெருவில் இறங்கியவள் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு மேலே பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். தெரு நெடுக, மாடிக்கு மாடி, பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் கயிறுகள் தொங்கின. ஒன்றில் பேப்பர் ஏறிக்கொண்டிருந்தது, ஒன்றில் முருங்கைக்காய். அவள் போனை எடுத்து, தன் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, மெதுவாகத் தெருவைச் சுற்றிக் காட்டினாள்.

அவர் திரைக்கு அருகே குனிந்தார். “எல்லா வீட்டிலும்?” என்றார்.

“எல்லா வீட்டிலும்,” என்றாள் ஐனோ.

எங்கள் வீட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். இழுத்தாள். மேலே மணி அடித்தது. நான்காம் மாடியில் அம்மா எட்டிப் பார்த்தார், இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தனாக்கா. தங்க நிறத் தலைமுடியோடு ஒரு பெண் கயிற்றைப் பிடித்திருப்பதைக் கண்டதும், தெருவே திரும்பும்படி கையை நீட்டிக் கத்தினார்:

“ஒதொத்தா!”

போனில் அந்த வெள்ளைக் கன்னங்களைப் பார்த்த ஐனோவின் அப்பா பதறிவிட்டார். “ஐனோ,” என்றார், “கயிற்றை விட்டுவிடாதே.”