ஆகட்டும் சொல்லாத சந்தை

வருடத்தில் எட்டு மாதம் பனி பெய்யும், மீதி நாலு மாதம் பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு நாடு இருந்தது. வெண்கோடு என்று பெயர். ஒரு கோடியில் ஜனங்கள் சாப்பிட உட்காரும்போது மறு கோடியில் பாய் விரித்துப் படுக்கும் அளவுக்குப் பெரிய நாடு. அவ்வளவு பெரிய நாட்டில் கால் நீட்டிப் படுக்க ஒரே ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. அவர் பேரரசர் ஏகவீரர்.

அந்த நாட்டில் விநோதமான ஒரு சட்டம் உண்டு. முந்நூறு வருடங்களுக்கு முன்னால் முதலாம் ஏகவீரர் முடிசூட வந்தபோது, அங்கிருந்த குடிகள் அவரிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார்களாம். அரசரின் ஆணை எதுவானாலும் சந்தையில் படிக்கப்பட வேண்டும். கூடியிருக்கும் மக்கள் மூன்று முறை 'ஆகட்டும்' சொன்ன பிறகே அது சட்டமாகும். அரண்மனைச் சம்பளம் வாங்குகிறவர்கள் சொல்லும் ஆகட்டும் செல்லாது. முதலாம் ஏகவீரருக்கு அன்றைக்கு முடிசூடும் அவசரம். சரியென்று சொல்லி, அதைக் கல்லில் வெட்டிச் சந்தை நடுவில் நட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்த ஆணைக்கும் ஆகட்டும் கிடைக்காமல் போனதில்லை. மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டே சொன்னார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார்கள்.

தலைநகர்ச் சந்தையில் ஆணை படிக்கிறவள் அங்கம்மா. நாற்பது வயது, வாட்டசாட்டமான உடம்பு, சந்தையின் நாலு மூலைக்கும் எட்டுகிற குரல். அரண்மனைச் சம்பளக்காரி என்பதால் அவளுடைய ஆகட்டும் கணக்கில் சேராது. கல்லில் இருக்கிற வாசகத்தை முதலில் மனப்பாடமாக ஒப்பிப்பாள். பிறகு ஆணையைப் படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஏட்டுக்காரர் பெரியணன் 'மக்கள் ஆகட்டும் என்றனர்' என்று எழுதுவார். பல வருடமாக அந்த வரியை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருவது அவர் வழக்கம். வீண் அலைச்சல் எதற்கு?

அங்கம்மா முதன்முதலில் படித்தது விடுதலை ஆணை. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த உழவர்கள் இன்று முதல் சுதந்திரமானவர்கள், விரும்பிய இடத்துக்குப் போகலாம், போகும் முன் தாங்கள் உழுத நிலத்திடமிருந்து எழுத்துமூலமாக அனுமதி பெற வேண்டும் என்றது அது. சந்தை ஆகட்டும் என்றது. நிலம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. உழவர்களின் முயற்சியின்மையே இதற்குக் காரணம் என்று அமைச்சகம் வருத்தம் தெரிவித்தது.

பிறகு ரொட்டிப் பஞ்சம் வந்தது. கடைகளில் ரொட்டி இல்லாதபோது வரிசையில் நிற்பது அரசை அவமதிப்பதாகும், எனவே நிற்பதற்குத் தடை என்று ஓர் ஆணை. ஆகட்டும். கடைகளின் முன் யாரும் நிற்காததால் மக்களுக்கு ரொட்டி தேவைப்படவில்லை என்பது உறுதியாகிறது, எனவே ரொட்டி அனுப்பப்படாது என்று அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் ஆகட்டும். நிற்பதற்குத்தானே தடை என்று பெண்கள் கடையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே வரிசையில் இருந்தார்கள். அதற்குள் கடுகளவு தீவு ஒன்றோடு பேரரசர் போர் தொடுத்தார். ஆறே மாதத்தில், நமது கப்பற்படை கடலின் அடிப்பகுதி முழுவதையும் கைப்பற்றிவிட்டது என்ற வெற்றிச் செய்தியை அங்கம்மா படித்தாள். மகன்களைக் கப்பலில் அனுப்பியிருந்தவர்கள் கொஞ்சம் தாமதமாக ஆகட்டும் சொன்னார்கள்.

அங்கம்மாவுக்கு இருந்த ஒரே உறவு அவள் தம்பி காத்தான். நெசவாலையில் வேலை. ஒன்றரை ஆள் பேச்சு, அரை ஆள் உடம்பு. பேரரசர் நல்லவர், நம் கஷ்டம் அவர் காதுக்குப் போகவில்லை, போனால் ஒரு நிமிடம் பொறுக்க மாட்டார் என்று ஆலைக்காரர்கள் எல்லோரையும் போல அவனும் நம்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்தி, பேரரசரின் படத்தைத் தூக்கிக்கொண்டு மனுவோடு அரண்மனைக்குப் போனார்கள். வாசலில் மண்டியிட்டார்கள். மாடியிலிருந்து சுட்டார்கள். தொண்ணூற்றாறு பேர் பனியில் கிடந்தார்கள். இந்த இடத்தில் கதை சொல்கிறவனுக்கும் சிரிப்பு வரவில்லை. அது பெரும் பாவம். மக்கள் தங்களுடைய அஜாக்கிரதையால் குண்டுகளின் பாதையில் மண்டியிட்டிருந்ததாக அரசிதழ் விளக்கம் எழுதியது.

ஊர் கொதித்தது. தலைமை அமைச்சர் மதிவாணர் பேரரசருக்குச் சீர்திருத்தம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். ஒரு சபை அமைந்தது. பண்ணையாருக்கு ஆளுக்கு ஓர் ஓட்டு, ஆலைக்காரர்கள் நாற்பத்தைந்து பேருக்குச் சேர்த்து ஓர் ஓட்டு. நாட்டைத் தவிர மற்ற எதைப் பற்றியும் உறுப்பினர்கள் சுதந்திரமாகப் பேசலாம். எழுபத்திரண்டாவது நாள் ஒருவர் வாய் தவறி ரொட்டியைப் பற்றிப் பேசிவிட்டார். அன்று மாலையே சபைக்குப் பூட்டுப் போட்டார்கள். பூட்டு எதற்கு என்று வாசலில் நின்று கேட்ட ஆலைக்காரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காத்தான் முன்வரிசையில் நின்று கேட்டிருந்தான்.

அவர்கள் அத்தனை பேரையும் வடகடலுக்கு அப்பாலுள்ள உறைபனித் தீவுக்கு ஆயுள் முழுக்க அனுப்பும் ஆணை தயாரானது. போனவர் யாரும் அங்கிருந்து திரும்பியதில்லை. வெள்ளிக்கிழமை சந்தையில் படிக்க வேண்டும். புதன்கிழமை பகலில் அங்கம்மா சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நீதான் படிப்பியாக்கா?" என்று காத்தான் கேட்டான்.

"மாட்டேன்னு சொல்லிட்டு வேலையை விடப் போறேன்டா."

"நீ இல்லைன்னா இன்னொருத்தன் படிப்பான். எங்க பேரையெல்லாம் மென்னு துப்புவான். போற எடத்துல எங்களுக்குப் பேரே இருக்காது. கடைசியா ஒரு தடவை ஒழுங்கா படிச்சிடுக்கா. சத்தமா படி."

அவள் அழவில்லை. திரும்பி வரும் வழியில், படிக்கப் போகிற ஒவ்வொரு முறையும் செய்வதுபோல, கல் வாசகத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். மூன்று முறை ஆகட்டும் சொன்ன பிறகே அது சட்டமாகும். இருபது வருடமாகக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தவள், தான் என்ன சொல்கிறோம் என்பதை அன்றைக்குத்தான் காதில் வாங்கினாள். நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த வண்டிக்காரன் சாகத்தான் வந்தியா என்று திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ரொட்டிக் கடைக்குப் போனாள். சுற்றி நடந்துகொண்டிருந்த வரிசையில் சேர்ந்துகொண்டு முன்னால் போன பெண்ணிடம் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை என் தம்பி பேரைப் படிக்கப் போறேம்மா. படிச்சு முடிச்சதும் நீ வாயைத் திறக்காம இரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"திறக்கலைன்னா என்ன ஆகும்?" என்றாள் அந்தப் பெண்.

"கல்லுல என்ன எழுதியிருக்குன்னு போய்ப் பாரு."

மூன்றாவது சுற்று முடிவதற்குள் அதே செய்தி பின்னாலிருந்து வந்து, வெள்ளிக்கிழமை வாயைத் திறக்காதே என்று அங்கம்மாவின் காதிலேயே ஓதப்பட்டது.

வெள்ளிக்கிழமை சந்தையில் எள் விழ இடமில்லை. மேடையில் தலைமை அமைச்சர் மதிவாணர் கம்பளிக்குள் அமர்ந்திருந்தார். ஓரத்தில் தளபதியும் இரண்டு வரிசைச் சிப்பாய்களும். அங்கம்மா கல் வாசகத்தைச் சொன்னாள். ஆணையைப் படித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயரையும் ஓர் எழுத்தும் சிதையாமல், அப்பன் பெயரோடு, தெருப் பெயரோடு படித்தாள். காத்தான் பெயர் வந்தபோது குரல் தடுமாறும் என்று பயந்திருந்தாள். தடுமாறவில்லை. படித்து முடித்துச் சுருட்டினாள்.

ஒரு சத்தம் இல்லை. முந்நூறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? மீன்கடைக்காரர் ஒருவருக்கு "ஆ" என்று வாய் திறந்தேவிட்டது. அவர் மனைவி கையிலிருந்த காய்ந்த ரொட்டியை அந்த வாயில் திணித்தாள்.

"குடிகளுக்குப் பனியினால் தொண்டை கட்டியிருக்கிறது," என்றார் மதிவாணர். "ஆணை மறுபடியும் படிக்கப்படட்டும்."

மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் கேட்டது காற்றுதான். பெரியணன் முன்கூட்டி எழுதிக்கொண்டு வந்திருந்த வரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

மதிவாணர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து புதிய ஆணை ஒன்றை எழுதினார். மக்களின் மௌனம் இனி உரத்த ஆகட்டும் என்றே கொள்ளப்படும். அங்கம்மா அதையும் படித்தாள். சந்தை மௌனமாக இருந்தது. மதிவாணர் வெற்றிப் புன்னகையோடு ஏட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஐயா, மன்னிக்கணும்," என்றார் பெரியணன். "இந்த ஆணைக்கே இன்னும் ஆகட்டும் வரலீங்களே."

அமைச்சர் முகம் செத்துப்போனது. தளபதி எழுந்தார். சிப்பாய்களைப் பார்த்துச் சுடச் சொல்லிக் கட்டளையிட்டார். வெண்கோட்டுப் படையிலும் கட்டளைக்குச் சிப்பாய்கள் பதில் சொல்கிற சொல் அதே 'ஆகட்டும்'தான். அந்தச் சொல் வருவதற்காகத் தளபதி காத்திருந்தார். சிப்பாய்கள் எதிரே பார்த்தார்கள். எதிரே நின்றவர்கள் அவர்களுடைய அம்மாக்கள், மாமன்கள், கட்டிக்கப் போகிற பெண்கள். தளபதி இரண்டாம் முறை கத்தினார். முன்வரிசைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிவிட்டு நிதானமாக மூக்கைச் சிந்தினான். அந்த ஓசை சந்தை முழுக்கக் கேட்டது. எங்கோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு சந்தையே சிரித்தது. தொண்ணூற்றாறு பேர் செத்த ஊர் அன்றைக்குத்தான் மறுபடி சிரித்தது.

அதன் பிறகு அந்தச் சொல் நாட்டில் எங்குமே கிடைக்கவில்லை. பண்ணையார் ஏரைப் பூட்டு என்றார், பதில் இல்லை. ஆலை முதலாளி தறியை ஓட்டு என்றார், பதில் இல்லை. போர்முனையில் தோற்றுக்கொண்டிருந்த பேரரசர் விஷயம் கேள்விப்பட்டுத் தலைநகருக்கு ரயிலேறினார். வழியில் ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றது. கிளம்பு என்றார். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். வழி விடு என்றார். நிலைய அதிகாரி கொடியைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். சூப் கொண்டுவா என்றார். சமையற்காரரும் சும்மா நின்றார். எட்டு நாள் பொறுத்தார் பேரரசர். ஒன்பதாம் நாள் சாப்பாட்டு மேசையில், காலித் தட்டை ஒதுக்கிவிட்டு, முடி துறக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டார்.

அதையும் அங்கம்மாதான் படித்தாள். படித்து முடித்தாள். சந்தை பேசாமல் நின்றது. இத்தனை நாளாக வாயை மூடிப் பழகிவிட்ட ஜனங்கள் இதற்கும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டால், சட்டப்படி ஏகவீரர் பேரரசராகவே இருந்துவிடுவாரே. அவள் நாலு பக்கமும் பார்த்தாள். அப்போது மீன்கடைக்காரர் வாயிலிருந்து கையை எடுத்தார்.

"ஆகட்டும்!"

அடுத்த கணம் சந்தையே அதைச் சொன்னது. கூரைகளிலிருந்து பனி சரிந்து விழுந்தது. இரண்டாவது முறை சொன்னபோது சிப்பாய்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்று முதல் எங்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, அதனால் எங்கள் குரல் செல்லும் என்று அவர்கள் வாதம். மூன்றாவதை அழுதுகொண்டே சொன்னார்கள். பெரியணன் அந்த வரியை முதல் முறையாகக் கேட்டபின் எழுதினார். சிறைக் கதவு திறந்தது. காத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அங்கம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பெற்ற பிள்ளையைப் போல அவனை இடுப்போடு கட்டிக்கொண்டாள். வெண்கோட்டில் அதற்கு முன் அப்படியொரு சந்தோஷம் இருந்ததில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எட்டு மாதம் போனது. அரண்மனையில் இப்போது மக்கள் மன்றம். காத்தான் அதில் ஒழுங்குத் துறைக்குத் தலைவன். அரண்மனைக் கம்பளிக் கோட்டு அவனுக்குக் கைநீளமாக இருந்தது. இருந்தாலும் போட்டிருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை அவனே நேரில் சந்தைக்கு வந்து அக்கா கையில் ஓர் ஆணையைக் கொடுத்தான்.

"இது நம்ம ஆணைக்கா. நாமளே எழுதினது. சத்தமா படி."

அங்கம்மா கல் வாசகத்தைச் சொல்லிவிட்டுப் படித்தாள். நாட்டை இப்போது மக்களே ஆள்வதால், மக்கள் சொல்ல வேண்டியதை மன்றமே அவர்கள் சார்பில் சொல்லிக்கொள்ளும். எனவே சந்தையில் ஆகட்டும் கேட்கும் பழைய முடியாட்சிச் சடங்கு இன்றோடு ஒழிக்கப்படுகிறது. கல் அருங்காட்சியகத்துக்கு மரியாதையுடன் அனுப்பிவைக்கப்படும்.

காத்தான் சிரித்த முகத்தோடு கூட்டத்தைப் பார்த்தான். இந்த முறை யாரும் யாரிடமும் எதையும் சொல்லிவைக்கவில்லை. ஆனாலும் சந்தையில் ஒரு வாய் திறக்கவில்லை. மீன்கடைக்காரர் மீனை வெட்டிக்கொண்டிருந்தார், கண் மட்டும் மேடையில் இருந்தது. பெரியணன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். காத்தானின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"என்னக்கா இது? நம்மாளுங்கதானே எல்லாரும்?"

அங்கம்மா ஆணையைப் பழையபடி அழகாகச் சுருட்டி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். தொங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கையை மடித்துவிட்டாள். கோபமே இல்லாமல் சொன்னாள்:

"போய் வேற எழுதிட்டு வா தம்பி. சத்தமா படிக்கிறேன்."