எனாமல் சாரின் சிவப்பு அட்டை

நெய்வேலியில் சுரங்கத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு, பாய்லருக்குப் பயப்படாதவர்களும் உண்டு. எனாமல் சார் வீட்டுப் பின்வராந்தாவுக்குப் பயப்படாத ஆள் எங்கள் பிளாக்கில் ஒருத்தர்கூடக் கிடையாது.

சார் பவர் பிளான்ட்டில் எலக்ட்ரீஷியன். ஷிப்ட் முடிந்து வந்தால், கலர் கண்ணாடியை மாவாக அரைத்து, நகையில் நிரப்பி, அந்த வராந்தாவில் இருந்த சின்னக் கரண்ட் சூளையில் வைத்து உருக்கி எனாமல் ஆக்குவார். சூளை சூடேறினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். கூத்து என்னவென்றால், எல்லோரையும்விட அதிகம் பயந்தவர் அவர்தான். ஸ்விட்சைப் போட்டதும் ஹெல்மெட்டோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

என் மனைவி செல்விக்கும் அதே பிளான்ட்தான். அவள் அம்மா போட்டனுப்பிய மயில் பதக்கத்தில் கழுத்துப் பச்சை உதிர்ந்திருந்தது. மறுநாள் அவள் தம்பிக்குக் கல்யாணம், நாத்தனார் முடிச்சு போடவேண்டியவள். பதக்கம் இல்லாமல் மேடை ஏறமாட்டேன் என்று சாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சாருக்குத் துணையாக நின்ற எனக்கும் ஒரு ஹெல்மெட் கிடைத்தது, பாத்ரூமில் இடமும் கிடைத்தது.

யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அன்றைக்கு ஸ்விட்சில் சிவப்பு அட்டை வேறு மாட்டியிருந்தார். பிளான்ட்டில் அந்த அட்டை தொங்கினால், உள்ளே ஆள் வேலை செய்கிறான், கரண்ட் போடாதே என்று அர்த்தம். பதக்கம் ஆயிற்றா என்று பார்க்க வந்த செல்வி அட்டையைப் பார்த்தாள், ஸ்விட்ச் ஆனில் இருப்பதையும் பார்த்தாள். சாரைக் காணோம்.

'டக்'கென்று சத்தம் கேட்டது. பாத்ரூமில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு வெளியே ஓடினோம்.

"யாரும்மா ஆஃப் பண்ணது?"

"நாந்தான் சார். அட்டை தொங்குது, கரண்டும் ஓடுது. நீங்க எங்கயோ ஷாக் அடிச்சு விழுந்து கெடக்கீங்களோன்னு."

"உள்ள உம் மயிலு வெந்துகினு இருந்துதும்மா."

"தெரியும் சார். அதுக்காக உங்கள வுட்டுடறதா?"

சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பச்சை உருகியும் உருகாமலும் ரவை ரவையாக நின்றது.

"திரும்ப சுட்டா பத்தவெச்ச ஒட்டு வுட்டு மயிலு பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்குதும்மா."

செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "சுடுங்க சார்" என்றாள்.

இந்த முறை சார் பாத்ரூமுக்குப் போகவில்லை. முருகா முருகா என்று சூளைக்கு முன்னாலேயே நின்றார். மயில் முழுசாக வந்தது. மறுநாள் அது மேடையும் ஏறியது.

"இனிமே என் சூளைக்குக் கரண்ட் போட லைன் கிளியர் நீதாம்மா குடுக்கணும்" என்றார்.

இப்போது ரிட்டையராகிக் காடாம்புலியூரில் இருக்கிறார். சூளை போடும்முன் போன் வரும்.

"யம்மா, ஸ்விட்ச் போடட்டுமா?"

"பாத்து சார்."

"அணைச்சிட்டம்மா" என்று அடுத்த போன் வரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.