இருபத்து மூன்றாம் பாடம்

"அது எப்படிம்மா கண்டுபிடிச்சுது?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் அருணகிரி.

ஹேமாவதி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது அதனிடம்தான், அதுவே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்பது போல. அது வாயைத் திறக்கவில்லை.

"உள்ள லாஜிக் கீது சார்" என்றாள் கடைசியில்.

"அதான், என்ன லாஜிக்?"

"பெரிய லாஜிக் சார்."

அருணகிரி அந்தக் கம்பித் தொழிற்சாலையின் மேனேஜர். 'பெரிய லாஜிக்' என்று டைரியில் எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை ஹெட் ஆபீஸ்லேருந்து வராங்க ஹேமாவதி. ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. திருட்டு லாரியை உன் ஆப் எப்படிப் பிடிச்சுதுன்னு. சொல்லிட்டேன்னா அங்கேயே உன்னோட பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து. சொல்லலேன்னா..."

 ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்டில் குப்பை கொட்டுகிறவளுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையை விட்டு எந்த லாரி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். முன்பெல்லாம் அருணகிரியின் கையெழுத்துக்காக லாரிகள் அரை நாள் தவம் கிடக்கும். ஹெட் ஆபீஸ் ஒரு பெரிய சாஃப்ட்வேர் தளத்தை வாங்கிப் போட்டு, "வேண்டிய ஆப்பை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது. நீங்களே என்றால் யார்? ஸ்டோர்ஸில் எக்ஸெல் தெரிந்த ஒரே ஜீவன் ஹேமாவதிதான். தலையில் கட்டினார்கள்.

கட்டினாள். இரண்டு மாதமாக ஓடுகிறது. கேட்டில் செக்யூரிட்டி ஆதிகேசவன் லாரியின் முகப்பைப் போனில் படம் பிடித்து ஏற்றுவார். ஒரே நிமிஷம், 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சையாக வரும். கம்ப்யூட்டரே பார்த்து அனுமதி கொடுக்கிறது என்று தொழிற்சாலை முழுக்க நம்பியது. கட்டியவளும் நம்பினாள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை மட்டும் ஆப் கொஞ்சம் மந்தமாகும். "சர்வர் சூடாயிடுது" என்று விளக்கம் சொல்லியிருந்தாள். தனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகிறது என்று ஆதிகேசவன் ஒத்துக்கொண்டார்.

போன புதன்கிழமை, முகப்பில் பெரிய கழுகு வரைந்த லாரி ஒன்று வந்து நின்றது. ஆதிகேசவன் படம் பிடித்து ஏற்றினார். சிவப்பு வந்தது. 'நிராகரிக்கப்பட்டது.'

இரண்டு மாதத்தில் சிவப்பையே பார்த்திராத மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் லாரி மேல் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். மேலே உலைக்கசடு. அடியில், பழைய மோட்டார்களிலிருந்து உருவிய செம்புக் கம்பி, சுருள் சுருளாக. டிரைவர் குதித்து ஓடியவன் எளாவூர் செக்போஸ்ட்டில்தான் நின்றான், அதுவும் போலீஸ்காரர் பிடித்து நிறுத்தியதால்.

அன்றிலிருந்து ஹேமாவதி ஒரு மேதை. மேதை மட்டும் அருணகிரியின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தாள்.

ஏனென்றால் அவளுக்கு அந்த ஆப் எப்படி ஓடுகிறது என்றே தெரியாது. எல்லாம் இளமதி டீச்சர் போட்ட பிச்சை. யூடியூபில் நாற்பத்திரண்டு பாடம், தமிழில். டீச்சரின் முகம் தெரியாது, குரல்தான். "அவசரம் வேணாம். நிறுத்தி நிறுத்திப் பாருங்க. புரியலேன்னாலும் பரவால்ல, நான் அடிக்கிறதை அப்பிடியே அடிங்க, தானா புரியும்" என்று அந்தக் குரல் முதல் பாடத்திலேயே சொல்லிவிட்டது.

ஹேமாவதி அப்படியே அடித்தாள். சொன்னதைச் செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டீச்சர் தப்பாக அடித்து அழித்த இடத்தில் இவளும் தப்பாக அடித்து அழித்தாள். டீச்சர் உதாரணத்துக்கு வைத்த 'இளமதி நண்டு வியாபாரம்' என்ற பெயர், முதல் இரண்டு நாள் தொழிற்சாலையின் கேட் பாஸில் கம்பீரமாக நின்றது. தானா புரியும் என்றதுதான் இன்னும் நடக்கவில்லை.

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்" என்றார் அருணகிரி. "இன்னொரு தடவை சிவப்பு வரட்டும். எதனால வருதுன்னு புரிஞ்சுடும்."

ஆதிகேசவன் உற்சாகமாகிவிட்டார். தண்ணி லாரியைப் படம் பிடித்து ஏற்றினார். பச்சை. அருணகிரியின் காரை ஏற்றினார். பச்சை. தன்னுடைய ஓட்டை டிவிஎஸ்ஸை ஏற்றினார். அதுவும் பச்சை. சளைக்காமல், கேட் ஓரம் புல் மேய்ந்துகொண்டிருந்த மாட்டை நேராக நிறுத்திப் படம் பிடித்து ஏற்றினார்.

பச்சை.

"மாட்டை எப்படிம்மா விட்டுச்சு?" என்றார் அருணகிரி.

"மாடு ஒண்ணும் திருடலையே சார்" என்றாள் ஹேமாவதி.

அருணகிரி அதையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கேன்டீனில் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஓட்ட ஆரம்பித்தாள். எங்கோ ஒரு மூலையில் அந்த லாஜிக்கை டீச்சர் சொல்லியிருப்பார், தான்தான் தூக்கக் கலக்கத்தில் விட்டிருப்போம் என்று ஒரு நப்பாசை.

இருபத்து மூன்றாம் பாடத்தில் சட்டென்று நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடியும் கேட்டாள்.

"இந்தக் கட்டத்துல, யாரு அனுமதி தரணுமோ அவங்க மெயில் ஐடியைப் போடுங்க. நான் சும்மா உதாரணத்துக்கு என்னோடதைப் போடறேன்" என்றது குரல். டக்டக்கென்று அடித்தது.

ஹேமாவதியும் அன்று டக்டக்கென்று அதையேதான் அடித்திருந்தாள்.

"ஐயையோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து டேபிளில் ரசம் கொட்டியது.

அப்படியென்றால் இரண்டு மாதமாக, ஒரு நாளைக்கு அறுபது லாரி, ஒவ்வொன்றும் டீச்சருக்குப் போய், டீச்சர் பார்த்து, டீச்சர் பச்சை கொடுத்து... அந்தக் கழுகு லாரியை நிறுத்தியதும் டீச்சரா! முகம் தெரியாத பெண், ஒரு வார்த்தை கேட்காமல், யாரோ ஒருத்தியின் வேலையைத் தன் வேலையாக இழுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தாய்கூட இவ்வளவு செய்வாளா என்று நினைத்தாள்.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. வெளி ஆள் கையில் தொழிற்சாலையின் கேட்! ஹெட் ஆபீசுக்குத் தெரிந்தால் பர்மனென்ட் எங்கே, கான்ட்ராக்டும் போய்விடும். ஓடிப்போய் டீச்சரின் ஐடியை எடுத்துவிட்டு, முறைப்படி அருணகிரியின் ஐடியைப் போட்டாள்.

அருணகிரி அப்போது மீட்டிங்கில் இருந்தார், போனை சைலன்டில் போட்டுவிட்டு. அரை மணியில் கேட்டில் ஏழு லாரி. வெளியே வந்தவர் போனைப் பார்த்தார். ஏதோ விளம்பர மெயில் என்று நினைத்து எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பதினான்கு லாரி.

ஹேமாவதி தன் ஐடியையே போட்டாள். 'ஆப்பைக் கட்டியவரே அனுமதி கொடுக்க இயலாது' என்று அது முகத்திலடித்தாற்போல் சொன்னது. பத்தொன்பது லாரி. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"கேசவண்ணா, உங்க மெயில் ஐடி சொல்லுங்க, சீக்கிரம்!"

"அதெல்லாம் எனக்கு ஏதும்மா? ரேஷன் கார்டு வேணா எடுத்தாரட்டா?"

லாரி வரிசையின் வால் சிப்காட் ரோட்டைத் தாண்டி கொல்கத்தா ஹைவேயைத் தொட்டுவிட்டது. ஒரு டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா பேஜாரு இது! கம்ப்யூட்டர் செத்துப் போச்சா?" என்று கத்தினார். ஹேமாவதி சாமியைக் கும்பிட்டுவிட்டு, டீச்சரின் ஐடியையே திரும்பப் போட்டாள்.

பச்சை. பச்சை. பச்சை. ஆறே நிமிஷத்தில் இருபத்திரண்டு லாரியும் கிளம்பிவிட்டன. "டீச்சர், நீங்க நல்லா இருக்கணும்" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். ஆதிகேசவன் கேட்டுக்கொண்டு, "சர்வர் ஆறிப்போச்சா?" என்றார்.

திங்கட்கிழமை ஹெட் ஆபீசிலிருந்து சந்திரகலா மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, அதே கேள்வியைக் கேட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சுது?"

ஹேமாவதி பெரிய லாஜிக்கைச் சொல்லலாமா என்று பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஒருத்தி செய்த நன்மைக்குத் தான் பேர் வாங்கிக்கொள்வதா? போவது போகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்துவிட்டாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல மேடம். எல்லாம் எங்க இளமதி டீச்சர்தான். எந்த லாரி போகணும், எது போகக்கூடாதுன்னு அவங்கதான் பாத்துக்கறாங்க. நான் வெறும் கைதான் மேடம்."

 சந்திரகலா மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா அருணகிரி! இந்தக் காலத்துல இப்படி ஒரு குருபக்தியா? இவ்ளோ பெரிய காரியத்தைப் பண்ணிட்டு, எல்லாம் டீச்சர்னு சொல்றா பாருங்க!"

"இல்ல மேடம், நெஜமாவே அவங்கதான்..."

அருணகிரி மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார். மேடம் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஹேமாவதி நாற்பத்திரண்டாம் பாடத்துக்கு அடியில் நீளமாக நன்றி எழுதிவிட்டு, ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். 'வாங்கக்கா' என்று பதில் வந்தது. விலாசத்தைப் பார்த்தால், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம்! அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார் என்று நினைத்த தெய்வம் இரண்டு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியில் பஸ் மாறி, கையில் பூ, பழம், ஸ்வீட் பாக்ஸ், ஆர்டரின் நகலோடு போய் இறங்கினாள். இளமதிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஹேமாவதி சட்டென்று காலைத் தொடக் குனிந்தாள்.

"அய்ய! இன்னாக்கா இது, எந்திரிங்க!"

"உங்களாலதான் டீச்சர் எனக்குச் சோறு. ரெண்டு மாசமா ராப்பகலா எங்க லாரிங்களைப் பாத்துக்கினு..."

"எந்த லாரி?"

ஹேமாவதி விவரம் சொன்னாள். மெயில் ஐடியைச் சொன்னாள். இளமதி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது பாடத்துக்காக சும்மா தொறந்த ஐடி. நான் மெட்ராஸ்ல வேலைக்குச் சேந்ததும் அந்தப் போனை எங்கம்மாகிட்ட குடுத்துட்டேன். நான் அதைத் தொட்டே ஒரு வருசம் ஆவுது!"

பின்பக்கம் டிங் என்று ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் கம்பி லோடு போகும். நண்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த செல்லியம்மாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். ஒரு பார்வை பார்த்தாள். பச்சையை அமுக்கினாள். போனைச் சொருகிக்கொண்டு மறுபடியும் கூடையைக் கழுவினாள்.

"யம்மா!" என்றாள் இளமதி. "இன்னாம்மா பண்ணிக்கினு கீறே?"

"நீதானே சொன்னே? பாடம் படிக்கிற புள்ளைங்க தெரியாம உன் நம்பரையே போட்டு அனுப்பும், பச்சைய அமுக்கு, பாடம் வந்துடுச்சுன்னு அதுங்க சந்தோசப்படும்னு?" செல்லியம்மாள் ஹேமாவதியை நிமிர்ந்து பார்த்தாள். "அது நீதானா கண்ணு? யப்பா, இன்னா படிப்பு படிக்கிறே! ஒரு நாளைக்கு அறுவது தபா. சந்தையில குந்திக்கினு கீறேன், டிங்கு. மத்தியானம் செத்த கண்ணசந்தா, அப்பவும் டிங்கு. ஒரு நாளு மாட்டைக்கூட அனுப்பினே. வாயில்லா ஜீவன், போயிக்கட்டும்னு அதுக்கும் பச்சைதான் குடுத்தேன்."

ஹேமாவதி நண்டுக் கூடையையும் இடுப்பில் சொருகிய போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மெல்ல, மனசு நிறைந்தது. படிக்கிற பிள்ளை சந்தோஷப்படட்டும் என்பதற்காக, நண்டுக்கும் வெயிலுக்கும் நடுவே, நாளுக்கு அறுபது தடவை ஈரக் கையைத் துடைத்திருக்கிறாள் இந்த அம்மா! கொண்டுவந்த பூவையும் பழத்தையும் அவள் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான்மா என் தெய்வம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எல்லாத்துக்கும் பச்சை குடுத்துட்டு, அந்த ஒரு லாரிக்கு மட்டும் சிவப்பு போட்டீங்களே. அதுல செம்பு கீதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"செம்பா? அந்தக் கருமமெல்லாம் எனக்கு இன்னா தெரியும் கண்ணு?" என்றாள் செல்லியம்மாள். "அதுக்கு மொத நாளு ரோட்டோரம் குந்திக்கினு இருந்தேன், என் நண்டுக் கூடைய இடிச்சுத் தள்ளிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போனான் பாரு, அந்தக் கழுகு வண்டிதான் அது!"