விடுதலை அண்ணனின் மூலக் கோப்பு

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் ஒரு பூப்படத்தைத் திருத்தினாலும் உங்களை அடிமை என்று அழைக்கும் இனம் ஒன்று உண்டு. பார்த்ததில்லையா? புண்ணியம் செய்தவர் நீங்கள். திருத்துவதற்கு அவர் கையில் ஒரு படமும் இருக்காது; திருத்தும் மென்பொருள் மட்டும் இலவசமாக, எவரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல நிரலோடு, நேற்று வந்த பதிப்பாக இருக்கும். நலம் விசாரிக்க வருவார், உங்கள் கணினியைத் திறப்பார், இருப்பதை அழிப்பார், தம்முடையதை நிறுவுவார், பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி நீங்கள் திருதிருவென்று விழிக்கும்போது, "பழகினா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். எதுவும் சரியாகாது.

இந்த இனத்தில் உயர்ந்த ரகம் விடுதலை அண்ணன். பெயர் தங்கை வைத்தது.

அவளுக்கு அன்று ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மறுநாள் அப்பாவுக்கு இரங்கல் கூட்டம். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், ஒரே ஒரு படத்தில்தான் சிரித்திருந்தார். அதிலும் பட்டறை நண்பர் ஒருவர் அவர் தோளில் கையைப் போட்டு முக்கால் படத்தை அடைத்துக்கொண்டிருந்தார். நண்பரை நீக்கி, அப்பாவைப் பெரிதாக்கி, சட்டம் போடவேண்டும். போட்டோக் கடைக்குக் கிளம்பியவளை அண்ணன் மறித்தார்.

"அப்பா படத்தை அந்தப் பூட்டுப் போட்ட மென்பொருள்ல தொட விடுவேனா? நானே பண்றேன்."

"அண்ணா, கடை மூடறதுக்குள்ள வேணும்."

"கொடு சொல்றேன்."

செய்தாரா? புதுப் பதிப்பை இறக்கினார். அதிலிருந்த ஒரு பிழைக்காக உலகத்தின் மறுமூலையில் இருக்கும் யாரோடோ மல்லுக்கட்டினார். தூரிகைச் சின்னத்தின் நிறம் பிடிக்காமல் அதை மாற்றினார். சும்மா சொல்லக்கூடாது, மாலை கவிவதற்குள் வேலையையும் முடித்துவிட்டார். அப்பா தனியாக நின்று சிரித்தார். தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அண்ணனை மனதாரப் பாராட்டினாள்.

அவசரப்பட்டுவிட்டாள்.

கடையிலிருந்து போன் வந்தது. "அக்கா, நீங்க அனுப்பின ஃபைல் இங்க திறக்கவே மாட்டேங்குது."

திறக்காது. அந்த மென்பொருள் மட்டுமே படிக்கும் கோப்பு அது. சாதாரணப் படமாக மாற்றி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் மடிக்கணினி அண்ணன் மடியில், கடவுச்சொல் அண்ணன் மனதில். அவர் போனைப் பிடுங்கினார்.

"அப்படி மாத்தினா, படத்துல தனித்தனியா வச்சிருக்கிற அடுக்கெல்லாம் ஒட்டிப் போயிடும், தரம் செத்துடும். நீங்க முதல்ல இந்த மென்பொருளை இறக்குங்க. சொல்றேன், எழுதிக்குங்க..."

எதிர்முனையில் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் மேடையில் பழைய படத்தையே வைத்தார்கள். அப்பாவை நேரில் பார்த்திராத சங்கத் தலைவர், பெரிதாகத் தெரிந்த முகத்துக்கு நேரே பூவை வைத்துக் கண்மூடி வணங்கினார். அந்த முகத்துக்கு உரியவரோ முன்வரிசையில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார். தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் மெல்ல அருகில் வந்தார். "கவலைப்படாதே. மூலக் கோப்பு பத்திரமா இருக்கு. ஒரு அடுக்குகூட கலையல."

"அப்பாதான் இல்ல," என்றாள் அவள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், 'எந்தப் பதிப்பு? அடுக்கு கலையாமல் அனுப்ப இன்னொரு வழி இருக்கிறதே' என்று இவ்வளவு நேரமும் உங்கள் நாக்கு துறுதுறுத்திருந்தால், வீட்டில் தங்கையிடம் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். உங்களுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பாள்.