வாத்து வேட்டைக்கு வந்த தாராள அதிகாரி

டிப்ஸ் என்பது ஒரு மனிதன் தன் சந்தோஷத்தில் ஒரு பங்கை இன்னொரு மனிதனுக்குத் தருவது. இதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது. பங்கு எவ்வளவு என்பதில்தான் கொலை விழும்.

அமெரிக்காவில் எங்கள் ஆர்கன்சா பக்கத்தில் நெல் அறுத்ததும் வயல்களில் தண்ணீர் கட்டி விடுவோம். குளிர் தொடங்கியதும் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும். அவற்றின் பின்னாலேயே டாக்டர்களும் வக்கீல்களும் இன்சூரன்ஸ்காரர்களும் வந்து இறங்குவார்கள். வாத்துகளுக்குச் சிந்திய நெல் போதும். மற்றவர்களுக்குத் தங்க விடுதி வேண்டும், விடியுமுன் சுடச்சுடத் தொத்திறைச்சி வேண்டும், தண்ணீருக்கு நடுவே நாணல் வேய்ந்த மறைவுக் கொட்டகை வேண்டும், அதில் கூட உட்கார்ந்து குழல் ஊதி வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க ஒரு வழிகாட்டியும் வேண்டும். விடுதி லர்லீன் பாட்ஜெட் அம்மாளுடையது. சமையல் நான். வழிகாட்டி வென்டல் டாக்கெட்.

வென்டல் குழலை வாயில் வைத்தான் என்றால், ஊருக்குத் திரும்பக் கிளம்பிவிட்ட வாத்துகூட ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட வித்தைக்காரனுக்கு லர்லீன் மாதாமாதம் ஏதோ கொடுப்பாள். அதைச் சம்பளம் என்று சொல்வது அவளுடைய பெருந்தன்மை. அவன் வீட்டில் அடுப்பு எரிவது டிப்ஸில்தான்.

ஆகவே வேட்டை முடிந்து எல்லோரும் வண்டியருகே வந்து நிற்கும் அந்த நேரம் ரொம்பப் பொல்லாதது. எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால் கஞ்சன், கேட்காமல் அள்ளிக் கொடுத்தால் ஏமாளி. வந்தவர் தன் பூட்ஸைப் பார்ப்பார். வென்டல் வானத்தைப் பார்ப்பான். சிலர் கைகுலுக்கும் சாக்கில் மடித்த நோட்டை உள்ளங்கையில் அழுத்துவார்கள். சிலர் கையை மட்டும் அழுத்துவார்கள்.

மெம்பிஸ் நகரத்துப் பல் டாக்டர் பிரஸ்காட் ஹேவர்டி இந்த இரண்டிலும் சேராதவர். ஒரு நாள் சேற்றில் மாட்டிக்கொண்ட அவரை வென்டல் உப்புமூட்டை தூக்கிக் கரை சேர்த்தான். அன்று வண்டியருகே டாக்டர் கண் கலங்க அவனைக் கட்டிக்கொண்டு, ஒரு பல் பிரஷ்ஷைக் கையில் வைத்தார். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கூடப் பிறக்காத சகோதரனுக்குக் காசு கொடுத்தால் அவன் மனம் புண்படும் என்று அவர் மனதார நம்பினார். நல்ல பிரஷ்தான். ஆனால் வென்டலின் மனைவி அதை வைத்து மளிகை வாங்க முடியுமா என்று கேட்டாளாம்.

விஷயம் தீவனக் கடையில் பேசப்பட்டது. முடிவெட்டும் கடையில் பேசப்பட்டது. எது எவ்வளவு என்று அரசாங்கமே சொல்லிவிட்டால் நல்லது என்று ஊர் ஏகமனதாகச் சொன்னது. தேர்தல் வருஷம் ஆனதால் அரசாங்கமும் உடனே கேட்டுக்கொண்டது. 'தாராள மனப்பான்மை ஒழுங்கு வாரியம்' பிறந்தது. டிப்ஸ் போதுமானதாக இருக்க வேண்டும், மனமுவந்து தரப்பட வேண்டும், முகமலர்ச்சியோடு தரப்பட வேண்டும் என்று சட்டம் சொன்னது. முதலாவதை அலுவலகத்தில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். மனத்தையும் முகத்தையும் நேரில்தானே பார்க்க முடியும்? அதனால் அடுத்த வேட்டைக் காலத்தில் எல்மோர் ஸ்பைவி என்கிற அதிகாரி, மார்புவரை ரப்பர் உடையும் அதற்கு மேலே நீலக் கழுத்துப் பட்டையுமாக எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தார். பதவி: மூன்றாம் நிலைத் தாராளப் பார்வையாளர். அதுவரை அவர் வாத்தைத் தட்டில் மட்டுமே பார்த்திருந்தார்.

முதல் நாள் வேட்டைக்கு வந்தவர் அதே டாக்டர் ஹேவர்டி. இருட்டு பிரியும் நேரம், முழங்கால் தண்ணீரில் மூவரும் கொட்டகையை நோக்கி நடந்தார்கள். வென்டலின் நாய் பிக்கிள் முன்னால் நீந்திப் போனது. நான் காப்பிக் குடுவையும் தொத்திறைச்சியும் ஏற்றிய படகைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். டாக்டருக்கு முன்னே வாய்க்கால் பள்ளம் இருப்பதைக் கண்ட வென்டல் வாயைத் திறந்தான். ஸ்பைவி கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஒரு நிமிஷம் தம்பி. இப்ப நீங்க சொல்லப்போறது சேவையா, அன்பா?"

"பள்ளம்னு சொல்லப்போறேன் சார்."

"அதான் கேக்குறேன். சேவைன்னா டிப்ஸ்ல சேரும். அன்புன்னா சேராது. அன்புக்குக் காசு குடுத்தா அவமதிப்பு, அபராதம் இருக்கு."

வென்டல் நேர்மையான பையன். உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, "பாதிப் பாதின்னு வச்சுக்குங்க சார்" என்றான்.

"பாதிக்கு விதியில இடமில்லை" என்று ஸ்பைவி சொல்லி முடிக்கும்போது டாக்டரின் தொப்பி மட்டும் தண்ணீர்மேல் இருந்தது.

தொப்பிக்குக் கீழே டாக்டர் எழுந்தார். கழுத்தளவுப் பள்ளம்தான். ஆனால் தண்ணீர் நேற்றுவரை பனிக்கட்டியாக இருந்த தண்ணீர். இருநூறு டாலர் தருகிறேன், தூக்கிவிடு தம்பி என்று அவர் வென்டலைக் கும்பிட்டார். ஸ்பைவி மிகுந்த மரியாதையோடு குறுக்கிட்டார்.

"டாக்டர், மன்னிக்கணும். ஆபத்துல சொல்ற தொகை மனமுவந்ததா ஆகாது. மேல வந்து, தலை துவட்டி, நிதானமா சொன்னாத்தான் செல்லும்."

"நிதானம் வந்தா இவ்வளவு சொல்லமாட்டேன்யா" என்றார் டாக்டர், பல் கிட்டிக்க.

"அதைத்தான் சட்டமும் எதிர்பார்க்குது."

சேவையா அன்பா என்பதை முடிவு செய்யாமலே வென்டல் அவர் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். அந்த இழுப்பு எந்தப் பிரிவில் வரும் என்பது இன்றுவரை தலைநகரில் விசாரணையில் இருக்கிறது.

கொட்டகையில் வேறொரு சிக்கல் முளைத்தது. பிக்கிள் முதல் வாத்தைக் கவ்விக்கொண்டு வந்ததும் டாக்டர் உருகிப்போய், தன் தொத்திறைச்சியில் ஒரு துண்டை அதற்குப் போட்டார். இது பொருளாகத் தரப்பட்ட டிப்ஸ் என்று ஸ்பைவி கண்டுபிடித்தார். டிப்ஸ் என்றால் வேட்டையில் பங்குகொண்ட எல்லோருக்கும் பிரித்தாக வேண்டும் என்பது விதி. நாயின் வாயிலிருந்து மீட்கப்பட்ட துண்டு வழிகாட்டி, சமையல், விடுதியில் வாத்துக்கு இறகு உரிப்பவர், நாய் என்று நாலாக வெட்டப்பட்டது. என் பங்கை நான் மறுத்தேன். மறுப்பது கொடுத்தவரின் முகமலர்ச்சியைக் குலைக்கும் குற்றம் என்றார் ஸ்பைவி. ஆகவே தின்றேன்.

வண்டியருகே வந்ததும் டாக்டர் நூறு டாலர் நோட்டை நீட்டிச் சிரித்தார். ஸ்பைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இது நோயாளிகளுக்கு முன்னால் சிரிக்கும் தொழில்முறைச் சிரிப்பு, ஏற்றுக்கொள்ள முடியாது என்று அறிவித்தார். டாக்டர் மறுபடி சிரித்தார். போதவில்லை. மகளின் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு சிரித்தார். செலவு ஞாபகம் வந்து அது பாதியில் நின்றது. எங்களுக்கெல்லாம் காது விறைத்துப் போயிற்று. அந்த வேளையில் மேலே பறந்து போன ஒரு பச்சைத்தலை வாத்து ஸ்பைவியின் நீலப் பட்டைமேல் எச்சமிட்டது. டாக்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஸ்பைவி ஒரு கையால் பட்டையைத் துடைத்துக்கொண்டே மறு கையால் நோட்டை வென்டலிடம் கொடுக்க அனுமதி அளித்தார்.

இத்தோடு வாரியத்தின் கதை முடிந்தது, டாக்டர் இனி இந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம். டாக்டரோ மெம்பிஸ் போய்த் தன் நண்பர்களிடம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, சரியாகக் கொடுத்தோமா என்ற கவலையில்லாமல் அன்று தூங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். நகரத்தில் தூக்கத்துக்கு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மறுவாரமே லர்லீனுக்குத் தொலைபேசி ஓயவில்லை. முன்பெல்லாம் எத்தனை வாத்து கிடைக்கும் என்று கேட்பார்கள். இப்போது அதிகாரி இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார்கள். அதிகாரி இல்லாத வேட்டைக்குப் போய் வந்தவனை மெம்பிஸில் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை என்று ஆயிற்று. லர்லீன் வாடகையை ஏற்றினாள். அதையும் மனமுவந்து கொடுத்தார்கள்.

வந்தவர்கள் ஸ்பைவிக்கும் டிப்ஸ் நீட்டினார்கள். அவர் கண்டிப்பானவர், மறுத்தார். மறுப்பது குற்றம் என்று அவருடைய விதியையே எடுத்துச் சொன்னார்கள். சட்டத்துக்குத் தலைவணங்கி வாங்கிக்கொண்டார். போகப்போக வென்டலுக்குக் கொடுப்பதைவிட அவருக்கே அதிகம் கொடுத்தார்கள். குழல் ஊத யாராலும் முடியும், மனசாட்சிக்குச் சான்று தர அதிகாரியால்தானே முடியும்?

ஒரு நாள் மத்தியானம் வென்டல் சமையல்கட்டுக்கு வந்து மாவுப் பீப்பாய்மேல் உட்கார்ந்தான். வண்டிக்கு இன்னும் தவணை பாக்கி இருப்பதையும், மனைவி பேசுவதை நிறுத்திவிட்டதையும் சொன்னான்.

"அண்ணே, இன்னிக்கு அந்த அதிகாரி வாத்தைக் காட்டி, கொக்கு நல்லாருக்குன்னாரு. அவருக்குக் குடுத்ததுல பாதிகூட எனக்குக் குடுக்கல. நான் என்னண்ணே தப்பு பண்ணினேன்?"

"குழல் ஊதக் கத்துக்கிட்டடா" என்றேன்.

பக்கத்து விடுதிக்காரர்களெல்லாம் அதிகாரி கேட்டு முற்றுகையிட்டார்கள். வாரியத்திடம் அத்தனை பேர் இல்லை. அதனால் உள்ளூர் ஆட்களுக்கே சின்னதாக ஒரு பயிற்சி கொடுத்துப் பார்வையாளர் உரிமம் வழங்கத் தொடங்கினார்கள். முகத்தை உற்றுப் பார்க்கவும், உம் என்று இழுக்கவும் சொல்லித் தந்தார்கள். தீவனக் கடைக்காரர் தேறினார். முடிவெட்டுபவர் முதல் வகுப்பில் தேறினார், கண்ணாடியில் முகம் பார்த்துப் பழகியவர் ஆயிற்றே. சுற்று வட்டாரத்து வழிகாட்டிகள் ஒருவர் பின் ஒருவராகக் குழலைக் கழற்றிவிட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். வென்டல் கடைசி வரை தாக்குப் பிடித்தான். பிறகு ஒரு திங்கட்கிழமை யாரையும் பார்க்காமல் போய்ப் பயிற்சியில் சேர்ந்தான். நானும் போனேன். ஏன் என்று கேட்பீர்கள். அடுப்படியில் நின்றால் யார் என் முகத்தைப் பார்த்துக் கொடுக்கப்போகிறார்கள்?

ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை டாக்டர் ஹேவர்டி, பெருமையாக இருக்கட்டும் என்று மூன்று பார்வையாளர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். கொட்டகையில் அவர், ஸ்பைவி, வென்டல், நான். எங்கள் மூவர் கழுத்திலும் நீலப் பட்டை. பொழுது வெளுத்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிய வந்தது. வாத்தைக் கூப்பிட ஆள் இல்லை. வழிகாட்டி என்று ஒருவன் ஜில்லாவிலேயே மிச்சம் இல்லை. பார்வையாளர் சேவை செய்தால் உரிமம் பறிபோகும்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெரிய கூட்டம் வந்தது. வானம் கறுத்துப் போகிற அளவுக்குப் பச்சைத்தலைகள். ஒரு வட்டம் அடித்தன. வென்டலின் கை தன்னால் குழலைத் தேடி நெஞ்சுக்குப் போயிற்று, அங்கே பட்டைதான் அகப்பட்டது. அதைப் பிசைந்துகொண்டு பல்லைக் கடித்தான். இன்னொரு வட்டம் அடித்தன. கூப்பிடுவார் இல்லை என்று கண்டு தெற்கே திரும்பின. டாக்டர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, இவ்வளவுதானா என்று முனகினார்.

அப்போது வென்டல் இருந்த பக்கத்து நாணலுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. குழல் இல்லை, வெறும் வாய். முதலில் ஒரு பெட்டை வாத்து வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி. பிறகு, இங்கே நெல் கிடக்கிறது, எங்கே போகிறீர்கள் என்று கோபித்துக்கொள்கிற மாதிரி. கூட்டம் அப்படியே வளைந்தது. சிறகை விரித்து, காலைத் தொங்கவிட்டு, எங்கள் முகத்துக்கு நேரே இறங்கியது. டாக்டர் சுட்டார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குண்டுகூடக் குறி தப்பவில்லை.

துப்பாக்கியை வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் குழந்தை முகம்போல இருந்தது. ஸ்பைவி பழக்கதோஷத்தில் உற்றுப் பார்த்து, அசல் என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் பணப்பையை முழுசாக வெளியே எடுத்தார். போதுமானது, மனமுவந்தது, முகமலர்ச்சியோடு கூடியது. சட்டம் பிறந்த நாளிலிருந்து மூன்றும் ஒன்றாகக் கூடியது அன்றைக்குத்தான்.

"அந்தச் சத்தம் குடுத்தது யாரு? இதெல்லாம் அவருக்குத்தான்."

வென்டல் வானத்தைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும். அவன் தயங்கிய அந்த ஒரு கணத்தில் ஸ்பைவி கையை நீட்டிவிட்டார். விதியைக் காக்க வந்தவரே நீட்டும்போது எனக்கென்ன என்று நானும் நீட்டினேன். எங்கள் இரண்டு கையையும் பார்த்த பிறகு வென்டலும், முகம் சிவந்து, தன் கையை நீட்டினான்.

பிக்கிள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அது தண்ணீரில் இறங்கி வாத்தை எடுத்து வந்துகொண்டிருந்தது.