ஐம்பத்தொன்பதாவது மணி

நான் ஒரு முட்டாள். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும். சாதாரண முட்டாள் யோசிக்காமல் காரியத்தைக் கெடுப்பான். நான் ஒரு வாரம் யோசித்து, சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கெடுப்பேன்.

ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார் நான். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் ‘சமயங்கள் அறிவோம்’ என்று ஒரு பாடம் வைத்தார்கள். கணக்கு சார் முடியாது என்றார், அறிவியல் மிஸ் முடியாது என்றார். முடியாது என்று சொல்லத் தெரியாத என்னிடம் அது வந்து சேர்ந்தது. (பரீட்சை கிடையாது. ஆகவே எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது வெளியே வராமல் ஓடிக்கொண்டிருந்தது.)

ஒருநாள், வீட்டில் சாமி கும்பிடும்போது எண்ணுகிற மாலை இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வந்தன. தளியிலிருந்து பஸ்ஸில் வரும் மஞ்சுநாத், அவன் அப்பாவின் உருத்திராட்ச மாலையைக் கொண்டுவந்தான். ஃபர்ஹானா தஸ்பீஹ் மணி கொண்டுவந்தாள். பிரின்சி கொண்டுவந்தது ஜெபமாலை. நீலக் கண்ணாடி மணிகள், பழைய நூலில் கோத்தவை.

“எங்கம்மாது சார். வேளாங்கண்ணில வாங்குனது. அவங்க போன வருசம் எறந்துட்டாங்க” என்றாள். என் கையில் கொடுத்த பிறகும் ஒரு நுனி அவள் விரலில் இருந்தது. “அப்பா ஷிப்டுக்குப் போனப்புறம் தெனம் நான் இதுலதான் ஜெபம் சொல்றது. பாத்து சார்.”

“நான் பாத்துக்கறேம்மா” என்றேன். எதையும் பார்க்கவில்லை. என் கவனமெல்லாம் பாடத்தின் உச்சக்கட்டத்தில் இருந்தது.

உச்சக்கட்டம் இதுதான்: மூன்று மாலைகளையும் ஜடை பின்னுவதுபோல ஒன்றாகப் பின்னினேன். (தங்கைக்கு ஜடை பின்னிய அனுபவம் எனக்கு உண்டு. அவள் அழுவாள்.) பின்னியதைத் தலைக்கு மேலே தூக்கி, “பார்த்தீர்களா, இதுதான் ஒற்றுமை. இதை யாராலாவது பிரிக்க முடியுமா?” என்று கேட்டு, இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்தேன்.

உருத்திராட்சம் தாங்கியது. தஸ்பீஹும் தாங்கியது.

நீல மணிகள் சிமென்ட் தரையில் தெறித்து ஓடின. பிரின்சி அழவில்லை. பெஞ்சிலிருந்து இறங்கி, மண்டிபோட்டுப் பொறுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து முப்பத்தெட்டு பேரும் தரைக்கு இறங்கினார்கள். “சார், இங்க ஒண்ணு சிக்குச்சு” என்று மஞ்சுநாத் டெஸ்க்குக்கு அடியிலிருந்து கையை நீட்டினான். ஃபர்ஹானா தன் துப்பட்டாவை விரித்து வாங்கி, எண்ணினாள்.

“அம்பத்தெட்டு சார்.”

“அம்பத்தொம்பது இருக்கணும்” என்றாள் பிரின்சி.

மழைத்தண்ணீர் போவதற்குச் சுவரோரம் ஒரு ஓட்டை உண்டு. கீழே பஸ் நிற்கிற மைதானம். அங்கேயும் போய்த் தேடினோம். டிரைவர் அண்ணன் பஸ்ஸைக்கூட நகர்த்தித் தந்தார். கிடைக்கவில்லை.

“குடுங்க சார், நானே கோத்துக்கறேன்” என்றாள்.

கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. உடைத்தவனே ஒட்டவைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது ஒரு வீரம்.

ஞாயிற்றுக்கிழமை தட்டில் மணிகளைக் கொட்டி, நூலோடு உட்கார்ந்தேன். “எதுக்கப்புறம் எதுங்க வரும்?” என்று கேட்டாள் மனைவி. எட்டு மாதமாகச் சமயம் போதிக்கும் எனக்குத் தெரியவில்லை. கீழ் வீட்டு செல்வி அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஓடிப்போய்க் கேட்டேன். “நாங்க ஆர்.சி. இல்லீங்க சார், எங்களுக்கு ஜெபமாலையே கெடையாது” என்றார். (இதுவும் என் சார்ட்டில் இல்லை.)

கடைசியில் மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மாதான் எனக்குப் பாடம் எடுத்தார். “பத்து, ஒண்ணு, பத்து, ஒண்ணு. இதுகூடத் தெரியாம நீ என்ன வாத்தியாரு?” அவரிடமே அதே நீலத்தில் ஒரு மணி வாங்கிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை தப்பாகக் கோத்து, நான்காவது தடவை முடித்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் உடைவதில்லை, ‘ஒற்றுமை’ ஆகிறது. நான் டம்ளரைக் கையில் எடுத்தாலே, “பாத்துங்க, ஒத்துமை பண்ணிடாதீங்க” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். போன மாதம் மிக்ஸி ஜாரை ஒற்றுமை பண்ணினேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். என் பிள்ளைகளுக்கு அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது.

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்பே பிரின்சியைக் கூப்பிட்டு மாலையைக் கொடுத்தேன். “தேங்க்ஸ் சார்” என்று வாங்கி, கண்ணை மூடி, கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாகத் தள்ளினாள். அம்மா வருடக்கணக்கில் உருட்டி உருட்டிப் பளபளப்புப் போன மணிகள். மூன்றாவது பத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறக்காமல், அந்த ஒன்றையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்திருக்கலாம்.

“அதே நீலம்தாம்மா. யாருக்கும் தெரியாது” என்றேன்.

“எனக்குத் தெரியும் சார்.”