டின்னு பாய் செய்த டப்பாத் திறப்பான்

அடையாற்றில் ஒரு துரை பங்களா. பின்கட்டுச் சமையலறை. அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்லர் இருந்தார். வலது கையில் கட்டு.

குமாஸ்தா ஐயர் இருந்தார். மயிலாப்பூர் வக்கீல் ஒருவரிடம் எழுத்து வேலை. படிக்கு வெளியே நின்றார். உள்ளே ஏதோ கறி வெந்துகொண்டிருந்தது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

டின்னு பாயின் சம்சாரம் பாயம்மா இருந்தார். ஏன் வந்தார் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நான் இருந்தேன். சாணை பிடிப்பவன்.

டின்னு பாய் இருந்தார்.

மேஜை மேல் ஒரு டப்பா இருந்தது.

டப்பாவைப் பற்றிச் சொல்லுமுன் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராசில் அடுத்தவனோடு சண்டை போட்டுக் கெட்டவர்கள் நிறையப் பேர். தன்னோடு தானே சண்டை போட்டு, தினமும் ஜெயித்து, தினமும் தோற்ற ஆள் டின்னு பாய் ஒருத்தர்தான்.

கச்சேரி ரோட்டில் அவர் கடை. கிருஷ்ணாயில் டின்னை வெட்டி வாளி செய்வார், புனல் செய்வார், எண்ணெய்ப் படி செய்வார். எதிரே மரத்தடியில் என் சாணைச் சக்கரம். பத்து வருஷம் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தோம். அவர் பேசுவார். நான் கேட்பேன்.

அவர் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் ஒழுகாது. வாளியில் தண்ணீர் நிரப்பி, வாங்க வந்தவர் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்.

"ஒயுவுதா?"

"இல்ல பாய்."

"நல்லா பாத்து சொல்லு. ஒரு சொட்டு வியுந்தா வாளிய நானே துன்றேன்."

அவர் செய்த குவளை ஒன்று துருப்பிடித்து முழுசாக உதிர்ந்துபோனது. ஈயம் வைத்த கோடு மட்டும் வளையமாக நின்றது. அதை ஆணியில் மாட்டிவைத்திருந்தார். வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

ஆவணி மாசம் பட்லர் வந்தார். அடையாற்றிலிருந்து நடந்தே வந்திருந்தார். இடது கைக் கட்டைவிரலில் கட்டு. பையிலிருந்து ஒரு சாமானை எடுத்துப் பாய் முன்னால் போட்டார். கொக்கு மூக்கு மாதிரி ஒரு இரும்பு. மரப்பிடி.

"இது இன்னாது?" என்றார் பாய்.

"டப்பா தொறக்கறது. சீமைலேர்ந்து வந்த பழம், மீனு எல்லாம் டப்பால வருது. இத்த வச்சு குத்தி குத்தித்தான் தொறக்கணும். ஓரமெல்லாம் பல்லு பல்லா நிக்குது. கைய கிழிக்குது. போன ஞாயித்துக்கிழம தொரசாணி வாயில ஒரு தகரத் துண்டு ஆப்ட்டுச்சு."

"முழுங்கிட்டாங்களா?"

"முழுங்கியிருந்தா பரவால்ல பாய். துப்பிட்டாங்க. எடுத்துப் பாத்துட்டாங்க."

பட்லருக்கு அந்தப் பங்களாவில் இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். மூன்று துரைகளுக்குச் சமைத்துப் போட்டவர். பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில்தான் சம்சாரம், இரண்டு பெண்கள். மழை விட்டதும் பெரிய துரை ஒருவர் கப்பலில் வருகிறார். அன்று பகல் விருந்துக்குப் பீச் பழம். அதுவரை வாழைப்பழம் போதும் என்று துரைசாணி சொல்லிவிட்டார். அன்றைக்கு இன்னொரு தகரத் துண்டு வந்தால் வேலையும் இல்லை, அறையும் இல்லை.

"ஓரம் மழமழன்னு வரணும் பாய். கொயந்த வெரலு வச்சாலும் கிழிக்கக் கூடாது."

பாய் அந்தக் கொக்கு மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த செஞ்சவன் டப்பாவ பாத்ததே இல்ல. பகையாளிய பாத்துருக்கான்" என்றார். "வுடு. நான் செய்றேன்."

அன்று சாயங்காலமே குமாஸ்தா ஐயரைப் பிடித்தார். புது மாதிரி சாமான் செய்தால் கல்கத்தாவுக்கு மனு எழுதிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவன் திருடிவிடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயர் கடைவாசலில் உட்கார்ந்து காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கையால் இயக்கும் டப்பாத் திறப்பான்னு போட்டாச்சு. ஒரு கையா, ரெண்டு கையா ஓய்?"

"இன்னும் செய்யவே இல்ல சாமி."

"அப்போ அந்த எடத்தைக் காலியா விட்டுடறேன்."

முதல் மாதிரி வந்தது. இரண்டு கையும் ஒரு காலும் வேண்டியிருந்தது. "கால்னு எழுதலாமா?" என்று ஐயர் கேட்டார். பாய் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

சோதனை பார்க்க மூடிய டப்பா வேண்டும். துரைசாணி டப்பாக்களை எண்ணிப் பூட்டி வைத்திருந்தார். பட்லரால் காலி டப்பாதான் கொண்டுவர முடிந்தது. "மூடி போட எனக்குத் தெரியாதா?" என்றார் பாய். அங்கேதான் தப்பு நடந்தது. வேறு யார் மூடியிருந்தாலும் சும்மா மூடியிருப்பார்கள். பாய் மூடினால் அது பாய் மூடின டப்பா.

கிருஷ்ணாயில் டின் தகரத்தை இரட்டையாக மடித்து மூடி போட்டார். சுற்றி ஈயம் வைத்தார். மத்தியானம் திறப்பானைப் போட்டார். திறப்பான் வளைந்தது.

பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா சாணை, எம் மூடிய!"

"தோத்தது உன் திறப்பான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. "ஆமால்ல?"

இரண்டாவது மாதிரியில் ஒரு சக்கரம் வைத்தார். நான் அதற்குச் சாணை பிடித்துக் கொடுத்தேன். அது மூடியைக் கால்வாசி வெட்டிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன். பாய் சாப்பிடப் போகவில்லை. வெட்டின இடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எவன் வச்ச மூடி இது? இம்மாம் லேசா கீது."

"நீதான் பாய்."

"காலைல வந்தானே, அவன். மத்தியானத்து ஆளு வேற."

மறுநாள் காலை ஆள் மூன்று மடிப்பு வைத்தான். மத்தியானத்து ஆள் பெரிய சக்கரம் செய்தான். காலை ஆள் மூடி ஓரத்துக்குள் கம்பி கொடுத்துப் பலமாக்கினான். காலையில் பாய் தொப்பி போட்டிருப்பார். மத்தியானம் கழற்றிவிடுவார். தொப்பியைப் பார்த்து எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

ஒரு தடவை பட்லர் வந்து, "இன்னா பாய், ஆச்சா?" என்று கேட்டார்.

"ஒரு அயோக்கியன் மூடி போட்டுக்கினே கீறான். அவன் வுட்டாத்தானே!"

பட்லர் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைச் சுற்றினேன்.

வெறும் டப்பாவை வெட்டினால் உள்ளே துண்டு விழுந்தது தெரியாது என்று பாய்க்குத் தோன்றியது. வீட்டுச் சாமானைப் போட்டு மூட ஆரம்பித்தார். முதலில் ரவை. பிறகு எலுமிச்சை ஊறுகாய். பிறகு சர்க்கரை முழுசும். வீடு கடைக்குப் பின்னால். அலமாரியில் பளபளவென்று பதினாலு டப்பா நின்றது. ஒன்றும் திறக்கவில்லை.

"பாயம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அவ தங்கம். வாயே தொறக்கல."

அவர் வீட்டிலிருந்து எனக்கு நாலு மணிக்கு டீ வரும். கடைசி இரண்டு மாசமும் டீயில் ஒரு கருகல் வாசனை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கிடைக்கிற டீயில் குற்றம் சொல்லக் கூடாது.

ஆறாவது மாதிரியைப் பட்லரே சோதித்துப் பார்த்தார். அது டப்பாவைத் திறக்கவில்லை. பட்லரின் வலது உள்ளங்கையைத் திறந்தது. ஐந்து தையல். "ஆனா ஓரம் பாத்தியா, மழமழன்னு கீது" என்றார் பாய், கையைப் பார்த்து.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏழாவது மாதிரி வந்தது. மூன்று பாகம். டப்பா விளிம்பைக் கவ்வ ஒரு கவ்வி. வெட்ட ஒரு சக்கரம். சுற்ற ஒரு பிடி. பாய் தொப்பியைக் கழற்றினார். கவ்வியை மாட்டினார். பிடியைச் சுற்றினார். கம்பி கொடுத்த மூடி நிலா மாதிரி வட்டமாகக் கழன்று விழுந்தது. விளிம்பில் நான் விரலை ஓட்டினேன். கிழிக்கவில்லை.

பாய் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ரெண்டு பேரும் நல்ல ஆளுங்கதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜட்கா வந்தது. பட்லர் அனுப்பியிருந்தார். எப்படிச் சுற்றுவது என்று காட்டப் பாய் ஏறினார். சாணைக்கல்லோடு நான் ஏறினேன். கண்ணால் பார்க்காமல் மனு எழுத மாட்டேன் என்று ஐயர் ஏறினார். கடைசியில் பாயம்மாவும் வந்து ஏறினார்.

"நீ எதுக்கு?" என்றார் பாய்.

"சும்மாத்தான்."

குதிரை திரும்பிப் பார்த்தது. பிறகு போனது.

சமையலறையில் பட்லர் ஆறு பீச் டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார். பெரிய துரை வந்தாயிற்று. கூடத்தில் கிளாஸ் சத்தம். பாய் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். இதுதான் நான் முதலில் சொன்ன டப்பா. அழகான டப்பா. நாலு மடிப்பு மூடி.

"இது எதுக்கு? திறப்பான் எங்க பாய்?" என்றார் பட்லர்.

"உள்ள கீது."

"சரி, எடு."

"உப்புக் காத்து அடிக்குது. சக்கரம் துருப்புடிச்சிடும். நல்ல சாமான்னா டப்பால போட்டு மூடறதுதான் தொழிலு. அதான் காலைல..." பாய் நிறுத்திக்கொண்டார். தலையில் கை வைத்துப் பார்த்தார். தொப்பி இருந்தது.

"தொற பாய்."

"தொறக்கறதுதான் உள்ள கீதே."

கறி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பட்லர் கொக்கு மூக்கை எடுத்துக் குத்தினார். மூக்கு உடைந்தது. நான் கறிக்கத்தியை வைத்துத் தட்டினேன். கத்தி போனது. ஐயர் வெளியிலிருந்து, "கடப்பாரை இருக்கா பாருங்கோ" என்றார். பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடைக்க முடியாதுப்பா. நான் மூடினது."

பட்லர் பாயைத் திட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பின்னால் இருந்த தன் அறையைப் பார்த்தார். கொடியில் பெண்களின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது பாயம்மா எழுந்தார். டப்பாவை எடுத்தார். அடுப்பிலிருந்த கறிச் சட்டியை இறக்கிவிட்டு, டப்பாவைத் தலைகீழாக நெருப்பில் வைத்தார்.

"இன்னா செய்றே?" என்றார் பாய்.

"ஈயம் உருகாதா?"

பாய் வாயைத் திறந்தார். மூடினார். முப்பது வருஷமாக ஈயத்தை உருக்கிய மனுஷர்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா சக்கரைய பின்ன எப்படி எடுக்கறேன்? அடுப்புல காட்டி தொறப்பேன். வேணுங்கறத எடுத்துக்கினு, திரும்ப ஒட்ட வச்சுடுவேன். சொன்னா நீ மனசு கஷ்டப்படுவே. காலைல நீ இத்த மூடும்போதே பாத்தேன். அதான் கூட வந்தேன்."

எனக்கு டீயின் கருகல் வாசனை அப்போது புரிந்தது. பாய்க்கு வேறொன்று புரிந்தது.

"நீ வச்ச ஈயப் பத்தா அது? எனக்கு வித்தியாசமே தெரியலியே!"

மூடி விழுந்தது. பட்லர் கிடுக்கியால் டப்பாவைக் கவிழ்த்தார். கவ்வி விழுந்தது. சக்கரம் விழுந்தது. பிடி விழுந்தது. தனித்தனியாக விழுந்தன. திறப்பானின் மூன்று பாகத்தையும் சேர்த்திருந்ததும் ஈயம்தான்.

பற்றவைக்கிற இரும்பு கச்சேரி ரோட்டில் இருந்தது. கூடத்தில் மணி அடித்தார்கள். பழம் கேட்கிறார்கள் என்றார் பட்லர்.

பாய் எழுந்தார். தொப்பியைக் கழற்றி அரிவாள்மணை மேல் வைத்தார். "எல்லாரும் வாங்க. ஈயம் இல்லாட்டி போவுது, ஆளு கீதில்ல?"

சக்கரத்தை நான் ஈரத்துணி சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். கவ்வியைப் பாயம்மா இரண்டு கையாலும் பிடித்தார். பிடியைப் பாய் இரண்டு கையாலும் பிடித்தார். டப்பா வழுக்கியது. பட்லர் இடது கையால் மேலே அமுக்கினார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். போதவில்லை. டப்பா சுற்றியது.

பாய் வாசலைப் பார்த்தார். "சாமி!"

"நான் எப்படி ஓய் உள்ள வருவேன்? கறி வேகறது."

"ரெண்டு பொண்ணு வெச்சுக்கினு கீறாரு சாமி அந்தாளு."

ஐயர் துண்டை இடுப்பில் கட்டினார். "ஆத்துக்குப் போய்க் குளிச்சா போச்சு" என்று படியைத் தாண்டி வந்து, டப்பாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்.

"சுத்து!" என்றார் பாய்.

"என் காலை மிதிக்கறீர் ஓய்!"

"அமுக்கு சாணை, அமுக்கு!"

மூன்று மடிப்பையும் கம்பியையும் வெட்டின சக்கரம். சீமைத் தகரம் அதற்கு வாழை இலை. ஒரு சுற்று வந்ததும் மூடி கழன்றது. ஐயர் மேல் பாகு தெறித்தது. அவர் விடவில்லை.

நாலாவது டப்பாவில் துரைசாணி உள்ளே வந்துவிட்டார். ஒரு டப்பாவை ஐந்து பேர் கட்டிப் பிடித்திருப்பதைப் பார்த்தார். ஐயரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். ஐயர் தலையைத் தூக்காமல், "மெஷின், மேடம்" என்றார்.

துரைசாணி திறந்த டப்பாவின் ஓரத்தில் விரலை வைத்தார். மெதுவாகச் சுற்றி ஓட்டினார். விரலைப் பார்த்தார். ரத்தம் இல்லை. பட்லரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பட்லர் அந்தப் பங்களாவில்தான் கடைசிவரை இருந்தார்.

திரும்பும்போது அடையாறு பாலத்தில் ஐயர் மனுவை எடுத்தார். காலியாக விட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒட்டிட்டா ஒரு கை போதும். ஒரு கைன்னே போட்டுடறேன்."

"தப்பு சாமி. இன்னிக்கு தொறந்தது எது? அத்த எழுது. கைய எண்ணு."

"வேடிக்கையா ஓய்? கல்கத்தாவுல சிரிப்பா."

"சிரிக்கட்டும். ஒருத்தரையும் வுட்டுடாதே. பட்லருக்கு ஒண்ணு. கட்டுப் போட்டது சேத்தி இல்ல."

ஐயர் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னுடையதில் ஈரத்துணி இன்னும் இருந்தது. பாயம்மா முக்காட்டுக்குள் சிரித்தார். ஐயர் உதட்டுக்குள் எண்ணினார். ஜட்கா ஆடியதில் எழுத்து கோணியது. ஆனாலும் எழுதினார்.

ஒன்பது.